ஊமைப் படத்தில் என் குரல்

பிள்ளை மேடையில் இருக்கும்போது சும்மா இருப்பதுதான் ஒரு தாய்க்கு ஆகக் கடினமான வேலை. அதில் நான் இருநூறு பேர் முன்னிலையில் தோற்றிருக்கிறேன்.

அப்போது மகள் தாரணி ஜெர்மனியில், வுப்பர்டாலில் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் ஒரு பழைய ஜெர்மன் ஊமைப் படத்தைத் திரையிட்டு, மாணவர்களே பக்கத்தில் இருந்து இசை வழங்க ஏற்பாடு. கதை இந்தியாவுக்குப் போனதும் பியானோ ஓய்ந்து, தாரணியின் மிருதங்கம் தொடங்க வேண்டும். இசைப் பாடத்தின் பாதிப் புள்ளி அதற்குத்தான்.

"அம்மா, கோயில் காட்சியிலை நான் வாசிக்கிறதை நிப்பாட்டுவன். அந்த அமைதிக்கும் சேர்த்துத்தான் புள்ளி போடுவினம். வாயே திறக்கக்கூடாது."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சின்னப்பிள்ளையெண்டால் பயமில்லை," என்றார் என் கணவர்.

படம் நல்ல பகிடி. கொழுத்த பிரபு ஒருவர் சிலையின் நெற்றி மாணிக்கத்தைத் திருட இந்தியாவுக்கு வருகிறார். அந்த இந்தியாவைப் பெர்லினுக்குப் பக்கத்தில் பலகையாலும் சாந்தாலும் கட்டியிருந்தார்கள். மகாராஜாவுக்கு முகம் கரி, கழுத்து வெள்ளை. சிலைக்கு ஆறு கை, போதாததற்குத் தாடி. (எந்தத் தெய்வமென்று இன்றுவரை பிடிபடவில்லை.) யானை மட்டும் அசல். எல்லாம் பொய்யென்று தாரணி வீட்டிலேயே மூன்று தரம் விளக்கியிருந்தாள்.

பிரபு கோயில் வாசலுக்கு வந்தார். மிருதங்கம் நின்றது. மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சேறு அப்பிய சப்பாத்தோடு அவர் நேரே மூலஸ்தானத்துக்குள் காலை வைத்தார்.

"டேய்! சப்பாத்தைக் கழட்டடா!"

யாரடா கத்துவது என்று திரும்பினேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, இருட்டில் நிகழ்ச்சி நோட்டீஸ் வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

தாரணியின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிள்ளையின் புள்ளியை ஒரே வசனத்தில் விழுங்கிவிட்டேன்.

பிறகு மிருதங்கம் பேசியது. நான் கத்திய அதே வசனம், அதே கோபம். பிரபு வைத்த ஒவ்வொரு அடிக்கும் அதையே திருப்பித் திருப்பி வாசித்தாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த ஏச்சு பிரபுவுக்கல்ல, எனக்கு என்பது எனக்கு மட்டும் விளங்கியது.

முடிந்ததும் இசை ஆசிரியை ஓடிவந்தார். குரலும் தாளமும் உரையாடியது அற்புதம், அசல் கோயில் மரபு, அதற்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"உள்ளே வருபவர் தூய்மையாக வரவேண்டுமென்ற வேண்டுதல்," என்று தாரணி கண் இமைக்காமல் ஜெர்மனில் சொன்னாள். (பொய்யென்று சொல்ல ஏலாது.)

வீடு திரும்பும்போது ஒரு வசனம்தான் பேசினாள்: "அந்த அமைதியை மூண்டு மாசம் பழகினனான், அம்மா."

அடுத்த கிழமை இரண்டாம் காட்சி; புள்ளி போடுவது அதற்குப் பிறகுதான். நான் மறுபடியும் "பாட" வேண்டுமென்று ஆசிரியை கேட்டு, எனக்கு முன்னால் ஒலிவாங்கியும் வைத்துவிட்டார். பிரபு வந்தார், காலை வைத்தார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை. மண்டபம் அசையாமல் காத்திருந்தது. தாரணிக்கு அவளுடைய அமைதி முழுதாகக் கிடைத்தது; புள்ளியும் ஒன்று. இந்த நாட்டில் ஒன்றுதான் ஆக உயர்ந்தது.

இன்றைக்கும் வீட்டில் நான் ஏசத் தொடங்கினால், யாராவது ஓடிப்போய் அகப்பையை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டுகிறார்கள்.