சரியக்காவின் 'மாட்டேன்' வாரம்

தீ எச்சரிக்கை மணி காதைக் கிழித்துக்கொண்டு அலறியபோது, சரியக்கா தன் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் இறங்குங்க! கீழ போங்க, கீழ போங்க!" என்று கத்தியபடி செக்யூரிட்டி மூன்றாம் மாடி வகுப்பறைக்குள் பாய்ந்து வந்தார்.

"மாட்டேன்" என்றாள் சரியக்கா.

செக்யூரிட்டிக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "என்னம்மா சொன்னீங்க?"

"இறங்க மாட்டேன்னேன். உங்களை யார் அனுப்பினது?"

"நெருப்பு அனுப்பிச்சுதும்மா! கேன்டீன்ல புகை கிளம்பிடுச்சு!"

"கிளம்பட்டும். அது வர்ற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்."

எழுந்து ஓட ஆயத்தமாகியிருந்த மற்ற மாணவர்கள் பாதியில் நின்றார்கள். பின்வரிசையிலிருந்த முன்னாள் பல் டாக்டர், பக்கத்திலிருந்த முன்னாள் பைலட்டின் விலாவில் இடித்தான்.

"டேய், சரியக்காவே மாட்டேங்கிறாங்கடா! அப்ப இதுதான் அது!"

அவ்வளவுதான். வகுப்பு மொத்தமும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது.

'அது' என்னவென்று சொல்லிவிட வேண்டும். அன்று காலையில்தான் தலைமைப் பண்பு பாடம் நடத்தும் பேராசிரியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"இந்த வாரம் உங்களுக்கு ஒரு பரீட்சை. கேள்வித்தாள் கிடையாது, ஹால் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள யாரோ ஒருத்தர் உங்களுக்கு ஒரு தப்பான உத்தரவு போடுவாங்க. யாரு, எப்போ, எங்கேன்னு கேக்காதீங்க. வாயை மூடிட்டு செஞ்சீங்கன்னா பெயில். மறுத்தீங்கன்னா பாஸ். 'சரி'ன்னு சொல்றதுக்குக் கிளி போதும். 'மாட்டேன்'னு சொல்லத்தான் மனுஷன் வேணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் போன இடம் சரியக்கா. சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏதோ ஒரு கருத்தரங்குக்கு வெளியூர் போய்விட்டார்.

இரண்டு வருஷப் படிப்பை ஒரே வருஷத்துக்குள் அடித்துத் திணிக்கும் சர்வதேச எம்.பி.ஏ. அது. நின்றால் கேஸ் ஸ்டடி, உட்கார்ந்தால் கேஸ் ஸ்டடி, தூங்கினால் கனவில் ஏதோ ஒரு கம்பெனி திவாலாகும். வகுப்பில் வாய் திறந்தால் மதிப்பெண், திறக்காவிட்டால் வெட்டு. விமானம் ஓட்டியவன், பல் பிடுங்கியவன், வங்கியில் கோடிகளைப் புரட்டியவள் என்று பல நாட்டு ஆட்கள் முட்டி மோதும் அந்தக் கூட்டத்தில், அண்ணனின் ஹார்டுவேர் கடை ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தவள் நம் சரியக்கா ஒருத்திதான். முழு உதவித்தொகையோடு வந்தவள். எல்லாரையும்விட வயதில் மூத்தவள்.

மூளைக்குப் பஞ்சமில்லை. 'முடியாது' என்ற சொல்லுக்குத்தான் பஞ்சம்.

"அக்கா, ஸ்லைடு எல்லாம் நீங்களே போட்டுடுறீங்களா?" "சரி." "அக்கா, எனக்கும் சேர்த்து அந்த கேஸைப் படிச்சுச் சொல்லுங்களேன்." "சரி." எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். ஒருநாள் எவனோ குறும்புக்காரன் அவள் மேஜை மேலிருந்த பெயர் அட்டையைத் திருப்பி 'சரியக்கா' என்று எழுதி வைத்தான். அதற்கும் 'சரி' என்றாள். இப்போது பேராசிரியர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போன பருவத்தில் தலைமைப் பண்பு பாடத்தில் மயிரிழையில்தான் தப்பித்தாள். 'தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை' என்று குறிப்பு வேறு எழுதியிருந்தார் பேராசிரியர். இந்தப் பரீட்சையில் தவறினால் உதவித்தொகை நின்றுவிடும். நின்றால், திரும்ப அந்த ஸ்டூல்தான்.

வழியனுப்ப வந்தபோது அண்ணன் சொன்னது இன்னும் அவள் காதிலேயே இருந்தது. "கவலைப்படாம போம்மா. உன் ஸ்டூலை யாருக்கும் குடுக்க மாட்டேன். நீ எப்ப வந்தாலும் அது அங்கேயே இருக்கும்." கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாசத்தோடு சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

ஆகவேதான் அவள் நாற்காலியை அப்படி இறுகப் பிடித்திருந்தாள்.

புகை மெய்யாகவே மூன்றாம் மாடிக்கு வந்தது. பின்னாலேயே தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகப் பிய்த்து எடுத்துக் கீழே கொண்டுபோனார்கள். பல் டாக்டர் ஒரு வீரரின் தோளில் மூட்டைபோலத் தொங்கியபடி, "நான் மறுத்தேன்! யாராவது குறிச்சுக்கோங்க! நான் மறுத்துட்டேன்!" என்று கூவிக்கொண்டே படியிறங்கினான். பீய்ச்சி அடித்த தண்ணீரில் சரியக்காவின் லேப்டாப் குளித்தது. அதற்குள் இருந்த குழு அறிக்கையும் கூடவே குளித்தது.

சாயங்காலம் மூவர் குழுவின் அறையில், பல் டாக்டரும் பக்கத்தில் இருக்க, பைலட் இயல்பாக ஆரம்பித்தான்.

"ரிப்போர்ட் போச்சுக்கா. நீங்கதான் ஒரே மூச்சுல திரும்ப அடிச்சிடுவீங்களே?"

சரியக்காவின் வாயில் 'ச' வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினாள்.

"மாட்டேன்."

"அக்கா, இது பரீட்சை இல்லக்கா. நான் சும்மா கேக்கறேன்."

"பரீட்சைக்கு வர்ற ஆள் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்? இதுவரைக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நான் எழுதினேன். இதை நீங்க ரெண்டு பேரும் எழுதுங்க."

பல் டாக்டர் உஷாரானான். "நாங்க எழுதணுமா? இது உத்தரவா?"

"ஆமா, உத்தரவுதான்."

"நீங்க போடறதுதான் அந்தத் தப்பான உத்தரவுன்னா? நாங்களும் மாட்டோம்!"

மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அறிக்கையை யாரும் எழுதவில்லை. மறுநாள் அதற்கு வெட்டு விழுந்தது. ஆனாலும் சரியக்காவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு ருசித்தது. ஏனென்று அவளுக்கே புரியவில்லை.

மறுநாள் வராந்தாவில், பேராசிரியரின் அட்டெண்டர் அவளை வழிமறித்தார். சாதுவான மனிதர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், கொஞ்சம் சார் ரூம் வரைக்கும் வாங்க. தனியா வரணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."

சரியக்காவின் முகம் ஆயிரம் விளக்குபோல் பிரகாசித்தது. வந்துவிட்டான் சோதனைக்காரன்!

"தனியா வரணுமா?"

"ஆமா மேடம்."

"வந்து?"

"அது எனக்கே தெரியாது மேடம். போன்ல ஒருத்தர் பேசுவார். அவர் சொல்றதுக்கு நீங்க சரின்னா போதும்."

"மாட்டேன்!"

வராந்தாவில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அட்டெண்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நழுவினார். பைலட் ஓடி வந்து கையைக் குலுக்கினான். "கலக்கிட்டீங்கக்கா! நீங்க பாஸ்!"

ஆனால் யோசிக்க யோசிக்க அவளுக்குச் சந்தேகம் தட்டியது. பேராசிரியர் இவ்வளவு பட்டவர்த்தனமாகவா வலை விரிப்பார்? இது ஏமாற்று வலையாக இருந்து, நிஜ வலை வேறெங்காவது இருந்தால்? பிடியைத் தளர்த்தக் கூடாது என்று முடிவு செய்தாள்.

அட்டெண்டரும் விடுவதாக இல்லை. நூலகத்துக்கு வந்தார். "மாட்டேன்." சாப்பாட்டு வரிசையில் பின்னால் வந்து நின்றார். "மாட்டேன்னா மாட்டேன்."

"என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க மேடம். ஒரே ஒரு நிமிஷம்."

"உங்களை மாதிரி எத்தனை பேரை அனுப்பினாலும் வர மாட்டேன்னு அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க!"

வரிசையில் நின்றவர்கள் தட்டைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அட்டெண்டர் பிறகு பக்கத்தில் வரவில்லை. தூரத்தில் தூண் மறைவில் நின்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அண்ணன் போன் செய்தார்.

"என்னம்மா, பெயின்ட் சரக்குக்கு இன்னும் ஆர்டர் போடலையா?"

கடல் கடந்து படிக்க வந்தும், கடைக்கான ஆர்டர்களை இங்கிருந்து அவள்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போட மாட்டேண்ணா."

"உடம்புக்கு என்னம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்களே போட்டுக்கோங்க."

"எனக்கு அந்த கம்ப்யூட்டர்ல எதைத் தட்டணும்னே தெரியாதே!"

சரியக்காவுக்குத் திடீரென்று பொறி தட்டியது. "அண்ணா, மறைக்காம சொல்லுங்க. எங்க புரொபசர் உங்ககிட்ட பேசினாரா?"

"எந்த புரொபசர்? ஏம்மா, டாக்டரைப் பாத்தியா?"

அண்ணன் குரலில் கலப்படமே இல்லை. இது பரீட்சையே இல்லை. நிஜ அண்ணன், நிஜ பெயின்ட். 'சரிண்ணா' என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம். எந்த மதிப்பெண்ணும் குறையாது.

"அண்ணா, கடைப் பையன்களுக்குச் சொல்லிக் குடுத்தா ஒரே நாள்ல கத்துக்குவாங்க. அப்புறம், அந்த ஸ்டூல்..."

"அது பத்திரமா இருக்கும்மா."

"வேணாம்ணா. யாருக்காவது குடுத்துடுங்க. நான் அதுல வந்து உட்கார மாட்டேன்."

போனை வைத்தபோது அவள் முதுகு என்றுமில்லாத அளவுக்கு நிமிர்ந்திருந்தது.

இதற்குள் 'மாட்டேன்' நோய் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. வியாழக்கிழமை ஒரு பெரிய கம்பெனியின் தலைவர் வந்தார். பேசி முடித்துவிட்டு நல்ல மாணவர்களை வேலைக்கு எடுத்துப்போவதாக ஏற்பாடு. அவர் நுழைந்ததும் எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார் அவர்.

ஒருவரும் உட்காரவில்லை. எல்லார் கண்ணும் சரியக்கா மேல் இருந்தது. அவள் கொடிமரம்போல நின்றாள்.

"ஏன் நிக்கறீங்க? உட்காருங்கப்பா!"

"உட்கார முடியாது சார்" என்றான் பைலட். "காரணம் சொல்லுங்க. யோசிச்சுப் பாக்கறோம்."

வந்தவர் சிவந்த முகத்தோடு வெளியேறினார். வேலை வாய்ப்புகளும் அவரோடு காரில் ஏறிப்போயின. கல்லூரி முதல்வர் ஓடி வந்து, மொத்த வகுப்பும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்றார். பதில் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

வெள்ளிக்கிழமை பேராசிரியர் திரும்பி வந்தார். பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. கருத்தரங்குக்குப் போனவர் மாதிரி இல்லை, கருமாதிக்குப் போய்வந்தவர் மாதிரி இருந்தார்.

"முதல்வர் எல்லாம் சொன்னார்" என்றார் கம்மிய குரலில். "தப்பான உத்தரவு உங்கள்ல யாருக்குமே வரலை. பரீட்சை நடக்கவே இல்லை. அதனால எல்லாருக்கும் சுழி."

"நடக்கலையா?" பல் டாக்டர் அலறினான். "அப்ப அந்த நெருப்பு?"

"அது நெருப்பு."

"அந்த கம்பெனித் தலைவர்?"

"அவர் கம்பெனித் தலைவர்."

பல் டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

அப்படியானால் அட்டெண்டர்? கேட்க வேண்டும் என்றுதான் சரியக்கா எழுந்தாள். அதற்குள் ஆத்திரம் முந்திக்கொண்டது.

"ஏத்துக்க மாட்டேன் சார்."

"உட்காருங்க சரியக்கா."

"உட்கார மாட்டேன். அந்தப் பேரையும் இனிமே ஏத்துக்க மாட்டேன்." மேஜை மேலிருந்த அட்டையை எடுத்து, சொந்தப் பெயர் முன்னால் தெரியும்படி டப்பென்று திருப்பி வைத்தாள். "பொழுது விடிஞ்சா 'சரி', பொழுது போனா 'சரி'ன்னு ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்தே பாதி ஆயுசைத் தீர்த்தவ நான். இந்த வாரம் நெருப்புக்கு மாட்டேன்னேன். முதல்வருக்கு மாட்டேன்னேன். எங்க அண்ணனுக்கே மாட்டேன்னேன் சார்! திரும்பிப் போக ஒரு ஸ்டூல் இருந்துச்சு, அதையும் வேணாம்னுட்டேன். மறுத்தா பாஸ்னு சொன்னது நீங்க. இப்ப சுழின்னு சொல்றதும் நீங்களா?"

பேராசிரியர் அன்று முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார்.

"மறுத்ததுல தப்பே இல்லம்மா. ஆனா உத்தரவு போட வேண்டிய ஆள் கடைசி வரைக்கும் போடவே இல்லையே!"

"அது யார் தப்பு? ஒரே ஒரு உத்தரவு போடத் துப்பில்லாத ஆளை நம்பி எங்க எல்லார் தலையிலயும் கல்லைப் போடுவீங்களா? சுழி போடணும்னா அந்த ஆளுக்குப் போடுங்க! முதல்ல அந்த ஆளைக் கொண்டாந்து எங்க முன்னாடி நிறுத்துங்க!"

"நிறுத்துங்க!" பைலட் மேஜையைத் தட்டினான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" வகுப்பே மேஜையைத் தட்டியது. கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வாசலில் வெலவெலத்துப்போய் நின்றிருந்த அட்டெண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னா சண்டைக்கு வருவாங்க. நீங்களே சொல்லிடுங்க."

அட்டெண்டர் சரியக்காவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"புதுசா யாரையும் கொண்டாந்து நிறுத்த வேணாம் மேடம், நீங்கதான் நின்னுட்டு இருக்கீங்களே... எதைச் சொன்னாலும் தட்டாம செய்யற ஒரே ஆள்னு, அந்தத் தப்பான உத்தரவைப் போடறதுக்கு சார் உங்களைத்தான் பொறுக்கி எடுத்திருந்தார்!"