சுவரைக் கூரைவரை உயர்த்தித் தரக் கோருதல்

உக்குவளை,
கீழ்ப்பிரிவு, 6ஆம் லயம்,
12.06.1997

மதிப்புக்குரிய பெரிய கிளாக்கர் ராஜநாயகம் ஐயா அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் தேயிலை ஸ்டோரில் இராக்காவல் பார்த்து ஓய்வுபெற்ற வாச்சர் பொன்னையா பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை.

ஐயா, தோட்டமே தூங்கும்போது விழித்திருந்தவன் நான். ஓய்வுபெற்றால் இராத்திரியில் தூங்கலாம் என்ற ஒரே ஆசையில்தான் காலத்தை ஓட்டினேன். ஆனால் எனக்கும் பக்கத்துக் காம்பிரா செல்லச்சாமி அண்ணனுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாமல் இரண்டு முழம் கீழேயே நின்றுவிடுகிறது. அவர் குறட்டைக்கு அந்த இரண்டு முழம் தாராளம். குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஐயா, திடீரென்று நின்றுவிடுகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூச்சே இருக்காது. நானும் என் சம்சாரம் சுந்தரம்மாவும் இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். பிறகு தண்ணீரில் முங்கியவர் எழுந்தமாதிரி ஓர் இழுப்பு. போன மாதம் சோதனைக்கு வந்த ஆமிக்காரர்கள் அதைக் கேட்டு, உள்ளே யாரையோ கழுத்தை நெரிக்கிறார்கள் என்று கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டோர்ச் வெளிச்சத்திலும் அவர் தூங்கினார்; என்னைத்தான் அரைமணி நேரம் வாசலில் நிறுத்தி விசாரித்தார்கள்.

தோட்டத்து டொக்டர் ஐயாவிடம் சொன்னேன். "வயசான ஆளுக்கு இப்படி மூச்சு நின்னு நின்னு வந்தா பிரஷர் ஏறும், பாரிசவாதம் வரக்கூடும், கண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார். மனைவி இறந்து, மகளும் கலேவெலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், தனியாக இருக்கிற மனிதர். நான்தானே கூப்பிட வேண்டும்? கூப்பிட்டேன். "நான் எங்கடா தூங்குறேன், குறட்டை விட? வாச்சர் வேலையில தூங்கிப் பழகினவன் நீ" என்றார். லயமே சிரித்தது. மல்லாந்து படுக்காமலிருக்கட்டும் என்று, கொடியில் காய்ந்த அவர் பனியனின் முதுகில் சுந்தரம்மா இரகசியமாக ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துத் தைத்தாள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவர் பூசாரியிடம் ஓடிவிட்டார்.

ஆகவே சுவரைக் கூரைவரை உயர்த்தாமல் நான் விடப்போவதில்லை. மறுத்தால் தினமும் ஆபீஸ் வாசலில் பாய் விரிப்பேன். அங்கேயாவது தூக்கம் வரும்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக உறங்க வேண்டுமென்று வாழ்த்தும்,
பொன்னையா

பி.கு.: மேலே உள்ளது நேற்று எழுதியது. இராத்திரி மூச்சு நின்றது. நாற்பது எண்ணியும் இழுப்பு வரவில்லை. பெட்டிமேல் ஏறி, சுந்தரம்மா கொழுந்தெடுக்கும்போது மட்டம் பார்க்கச் செடிமேல் வைக்கிற நீளமான மட்டக்கம்பைச் சுவருக்கு மேலே விட்டு அவர் விலாவில் குத்தினேன். "எவன்டா அவன்?" என்று திட்டிக்கொண்டு எழுந்தார். அந்தத் திட்டைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் அவர் இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை நிற்கவில்லை, பேச்சும் குழறியது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்ல, கை மரத்துப்போச்சு" என்கிறார். டொக்டர் ஐயா உடனே கண்டிக்குப் போகச் சொல்லிவிட்டார். கடிதம் கொண்டுவரும் சுந்தரம்மாவோடேயே லொறியை அனுப்பிவையுங்கள். கட்டித் தூக்கியாவது கொண்டுபோகிறேன். சுவரில் ஒரு கல்கூட ஏற்ற வேண்டாம், ஐயா. முடிந்தால் நாங்கள் திரும்பி வருவதற்குள் இரண்டு கல்லை இறக்கிவையுங்கள். நேற்றுக் கம்பு மட்டுமட்டாகத்தான் எட்டியது.