மருமகள் கட்டுரைக்கு நான் சொன்ன சாட்சி

உதவி செய்கிறேன் என்று கிளம்பும் கிழவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. அந்தக் கிழவன் நான்தான் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

என் மருமகள் கலா, நாற்பது வயதுக்கு மேல் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு. செங்காங் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் எங்களைப் போன்ற வயசாளிகள் எதற்கு பஸ் ஏறித் தேக்கா சந்தைக்கே ஓடுகிறோம் என்று ஒரு கட்டுரை எழுதினாள். என்னையும் கேட்டாள். (ஒரு கேள்விதான் கேட்டாள். நான் பழைய மாட்டுக்கொட்டகை, பால்காரர், அவர் கொழுந்தியா கல்யாணம் வரை போய்விட்டேன்.)

கட்டுரை நன்றாக அமைந்ததுதான் வினை. காசு கொடுத்து ஆள் வைத்து எழுதி வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்களாம். சந்தேகம் வந்தால் எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். கலாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சரியில்லை என்றால் பட்டம் போச்சு.

“நான் சாட்சிக்கு வரேம்மா” என்றேன். நிஜத்தில் என் ஆசை வேறு. பள்ளிக்கூடத்தையே மிதிக்காதவன் நான். பல்கலைக்கழகத்துக்குள் ஒரு நாற்காலியிலாவது உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

“வாங்க மாமா. ஆனா வாயத் தொறக்காதீங்க லா.”

கேள்வி கேட்ட விரிவுரையாளர் தமிழ்ப் பெண்ணாக அமைந்தது கலாவின் கெட்ட நேரம்; எனக்கும் பேச வழி கிடைத்துவிட்டது.

“அங்கிள், கட்டுரைக்கு நீங்க உதவி செஞ்சீங்களா?”

“உதவியா? எல்லாம் நான் சொன்னதும்மா! இது எழுதுச்சு, அவ்ளோதான்.”

“சும்மாவா சொன்னீங்க?”

“அதெப்படி? பேசுறப்பல்லாம் பரோட்டா, கோப்பி வாங்கிக் கொடுத்துடும்!”

அந்தம்மா பேனாவை எடுத்தார்.

“கலா, வயசானவங்க ஏன் தேக்காவுக்குப் போறாங்க?”

“கீரைக்கு!” என்று நான் முந்திக்கொண்டேன். “அங்கதான் புதுசா கிடைக்கும்.”

கலா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “இல்ல மாமா. நீங்க சொன்னீங்க, நான் எழுதல. கீரை நம்ம புளோக்குக்குக் கீழயே விக்குது. போன வாரம் வாங்குன கீரைய பஸ்லயே விட்டுட்டு வந்தீங்க. தேடுனீங்களா?”

“அது... மறந்துட்டேன்.”

“செங்காங்ல உங்களுக்கு வீட்டு நம்பர்தான் இருக்கு. பேர் சொல்லிக் கூப்பிட ஆள் தேக்காலதான். அத்தை போனப்புறம் வீட்லயும் உங்க பேரச் சொல்ல ஆளில்ல. நான் பேசுன எல்லாரும் மொதல்ல கீரை, கறி, வெத்தலைன்னுதான் சொன்னாங்க. கூடவே நடந்து போனேன். யாரும் நேரா மார்க்கெட்டுக்குப் போகல, மொதல்ல தெரிஞ்சவங்களத் தேடித்தான் போனாங்க.”

அந்தம்மா பேனாவை மூடினார். “போதும் கலா. இது உங்க கட்டுரைதான்” என்றவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். “அங்கிள், உங்க சரக்கு ஒண்ணுகூட இதுல இல்ல.”

பட்டம் பிழைத்தது. என் மானம் போனது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை செருப்பை மாட்டினால், மகன் குரல் கொடுப்பான்: “அப்பா, கீரைக்கா?” வீடே சிரிக்கும்.

“ஆமாண்டா” என்பேன். இப்போதெல்லாம் நான் பைகூட எடுத்துப் போவதில்லை.