கிழங்குக் காட்டில் ஸ்பானிஷ்

கல்வராயன் மலைக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே ஸ்பானிஷ் மொழியில் கோபப்படத் தெரிந்த ஒரே மனிதன் எங்கள் ஓலாதான். பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டால் ஸ்பானிஷில் இரண்டு வரி சொல்வான். மிதித்தவர் ஏதோ மந்திரம் என்று நினைத்து இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றுகொள்வார்.

நானும் அவனும் கள்ளக்குறிச்சியில் ஒரே விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்தோம். பிறகு நான் தோட்டக்கலை அலுவலகம் ஒன்றில் தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டேன். அவன் டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டான். கேட்டது பொருளாதாரம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று சும்மா எழுதி வைத்தது ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும். அதுதான் கிடைத்தது. முதல் விடுமுறைக்கு ஊர் வந்தவன் என்னைப் பார்த்ததும் "ஓலா" என்றான். வணக்கமாம். அன்றோடு பெற்றோர் வைத்த பெயர் போயிற்று.

அவன் அப்பா நைனார்பாளையம் பக்கம் கூலிக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறவர். "எம்புள்ள டெல்லியில இங்கிலீசுக்கும் மேல ஒண்ணு படிச்சிகினு கீறான்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அதற்கு மேல் யாராவது கேட்டால் பீடி பற்ற வைத்துக்கொள்வார்.

ஸ்பானிஷில் 'ர' என்ற எழுத்து இரட்டித்து வந்தால் நாக்கு உருள வேண்டுமாம். விடுமுறை முழுக்க டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து உருட்டினான். ஒரு நாள் கண்டக்டர் கிட்டே வந்து, "இன்னாப்பா, வண்டி மேடு ஏறுற மாதிரி சத்தம் உட்டுக்கினு வர? டிரைவரு ரெண்டு தபா கியர மாத்திட்டாரு" என்றார்.

தமிழும் ஸ்பானிஷும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் என்பது அவன் கட்சி. "'வந்தேன்'னு சொன்னா 'நான்'னு தனியா சொல்லணுமா? வாணாம். அங்கியும் வாணாம். நீ, நீங்க ரெண்டும் அங்க கீது. இங்கிலீஸ்காரனுக்குத்தான் மரியாத தெரில. நம்மகிட்ட இந்த 'ஞ' கீதே, அதுக்கு ஞாயித்துக்கெழமய உட்டா வேல இன்னா கீது? அங்க நாட்டு பேர்லயே வச்சிருக்கான், ஸ்பெயின அவன் 'எஸ்பாஞா'ன்னுதான் சொல்வான்."

இரண்டாம் வருடம் முழுக்க நானூறு வருடப் பழைய நாடகங்களைப் படித்தான். பேசினால் ஒரு வாக்கியம் சிகரெட் தீரும் வரை போகும்.

அந்த வருட விடுமுறையில்தான் சிக்கல் வந்தது. ஓலாவின் மாமன் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இடம் பார்த்து வைத்திருந்தார். அப்பா என்னிடம் வந்தார்.

"தம்பி, படிப்ப உட்டுட்டு திருப்பூருக்கு போவச் சொல்லு, நீ சொன்னா கேப்பான். அந்த படிப்ப படிச்சா இன்னா வேல குடுப்பாங்க?"

ஓலா அப்பாவோடு கிழங்கு பிடுங்கப் போக ஆரம்பித்தான். கோபம்கூடத் தமிழிலேயே வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மரவள்ளியில் மாவுப்பூச்சி விழுந்திருந்த நேரம். மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கிழங்குக் காடுகளைப் பார்க்க கொலம்பியா நாட்டிலிருந்து வயதான விஞ்ஞானி ஒருவர் வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சேலத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டார். பெரியவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'தேங்க்யூ' ஒன்றுதான். எங்கள் அலுவலக அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஸ்பானிஷுக்கு இப்ப நா எங்கய்யா போவேன்?"

"ஆள் கீறான் சார்," என்றேன். "கிழங்கு புடுங்கிக்கினு கீறான்."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து முறைத்தார். பிறகு என்னோடு ஜீப்பை அனுப்பினார். ஓலா மண் கையோடு ஏறினான். மகனை எதற்கு ஜீப்பில் ஏற்றுகிறார்கள் என்று பயந்து அப்பாவும் பின்னால் ஏறிக்கொண்டார். மலை ஏறும் வரை ஓலா அந்த இரட்டை 'ர'வை உருட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். வகுப்புக்கு வெளியே, அந்த மொழி புரிகிற ஒரு மனிதரிடம் அவன் அதைப் பேசியதே இல்லை.

வந்து நின்றான். குனிந்து ஒரு வணக்கம் போட்டு, மூச்சு விடாமல் ஒரு நீள வாக்கியம் பேசினான். பெரியவர் அவனையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். என் தற்காலிக வேலை மலையிலிருந்து உருண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னாய்யா சொல்றாரு?" என்றார் அதிகாரி.

ஓலாவின் காது சிவந்திருந்தது. "நா பேசறது பழைய நாடகத்துல வர்ற ராஜா பேசற மாதிரி கீதாம் சார்."

"ராஜாவாவே இருந்துட்டு போ. பூச்சியப் பத்தி கேளு."

மாவுப்பூச்சிக்கு ஸ்பானிஷில் என்ன என்று அவனுக்குத் தெரியாது. நாடகத்தில் பூச்சி வந்ததில்லை. கொஞ்சம் யோசித்து, 'வெண்ணிற ஆடை உடுத்து எங்கள் இலைகளை முற்றுகையிட்டிருக்கும் சின்னஞ்சிறு பகைவர்கள்' என்று சொன்னானாம். பெரியவர் நேராகப் போய் ஓர் இலையைத் திருப்பிக் காட்டி, சரிதானே என்று தலையாட்டினார். அதன் பிறகு மூன்று மணி நேரம் இருவரும் காடு காடாக நடந்தார்கள். மலைக்காரர்கள் கேட்டதை அவன் சொன்னான். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான். தெரியாத சொல்லுக்கு மட்டும் ராஜா வருவார்.

கிளம்பும்போது பெரியவர் ஓலாவின் அப்பாவிடம் ஏதோ கேட்டார்.

"கிழங்க நம்ம வூட்ல எப்பிடி துன்னுவோம்னு கேக்கறாருப்பா."

"அவிச்சி, மொளகாத் தொவையல் தொட்டுக்கினு."

மகன் வாயிலிருந்து அது ஸ்பானிஷாகப் போனது. பெரியவர் தன் நெஞ்சைத் தொட்டு மெல்ல ஏதோ சொன்னார்.

"அவங்க அம்மாவும் அவிச்சிதான் குடுப்பாங்களாம்."

அப்பா வெகுநேரம் அந்தப் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜீப் இறங்கி வரும்போது மகனிடம் கேட்டார். "இன்னும் எத்தினி வருசம்டா பாக்கி?"

"ஒண்ணுதாம்பா."

"முடிச்சிட்டு வா. திருப்பூரு எங்கியும் ஓடிப்பூடாது."

முடித்தான். இப்போது சென்னையில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறான். மாணவர்கள் எல்லோரும் கொஞ்சம் ராஜா மாதிரி பேசுவதாகக் கேள்வி. என் பிறந்த நாளன்று காலையில் போனில் ஐந்து நிமிடம் ஸ்பானிஷிலேயே பேசிப் பதிவு செய்து அனுப்புவான். என்ன சொல்கிறான் என்று நான் இதுவரை அவனிடம் விசாரித்ததில்லை. ஒரு சொல்லும் புரியாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.