ஏழு அருவியும் ஒரு படகும்

செப்டம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்கால் மணி. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை ஓட்வார் வாய்க்குக் கொண்டுபோன நேரம் பார்த்து, மனைவி இங்குன் அந்தச் செய்தியைச் சொன்னாள். ரொட்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"இன்னைக்கு நானும் அருவிக்கு வரேன்."

"நீ எதுக்கு?"

"பாதைக் கமிட்டியில என்னைச் சேத்திருக்காங்கல்ல. சீசன் முடிஞ்சுது. ஏழு பெட்டியில இருக்கிற நோட்டையும் எடுத்துட்டு வரணும். அப்படியே உன் கையெழுத்தை ஒவ்வொண்ணா பாத்துட்டு வரலாம்னு ஒரு ஆசை."

"மழை வரும் போலிருக்கே."

"வருஷம் பூரா மழை கொட்டுற பெர்கன்ல இருந்துக்கிட்டு மழைக்குப் பயப்படுற முதல் ஆள் நீதான். ஆமா, அடுத்த வருஷம் அருவிப் பாதைக்குப் படி கட்டுற சிரமதானத்துக்கு ஒரு ஆளும் கிடைக்கல. நீ..."

"என் முதுகு," என்றார் ஓட்வார் உடனே. சிரமதானம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முதுகு பிடித்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அந்த ஊரில் வரி ஏய்த்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். சிரமதானப் பட்டியலில் பெயரை எழுதிவிட்டு வராதவனுக்குக் கடைத்தெருவில் ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஓட்வார் பெயர் எழுதுவதே இல்லை.

ஆனால் இன்றைக்கு அவரை மிரட்டியது முதுகு அல்ல, கையெழுத்து.

விஷயம் இதுதான். ஆகஸ்டில் டாக்டர் ஓட்வாரின் தொப்பையையும் இரத்த அழுத்தத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நடங்க, இல்லேன்னா அடுத்த தடவை உங்களைத் தூக்கிக்கிட்டு வருவாங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் இங்குன் ஒப்பந்தம் போட்டாள். நகரத்துக்குப் பின்னால் இருக்கும் வட்டாரப் பூங்காவில், ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏழு அருவிகள். ஏழு ஞாயிறு. முதல் வாரம் முதல் அருவி, அடுத்த வாரம் இரண்டாவது. ஒவ்வொரு அருவிக்கும் ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. போனவர் பெயரும் தேதியும் எழுதி, தோன்றினால் ஒரு வரியும் எழுதிவிட்டு வருவது வழக்கம். ஏழிலும் பெயர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஓட்வாரின் படகு இங்குனின் தம்பி ஆர்ன்ஸ்டைனுக்கு.

ஆர்ன்ஸ்டைனுக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அவன் ஏற்கெனவே ஒரு பழைய படகைத் தோட்டத்தில் நிறுத்தி, மண்ணைக் கொட்டிப் பூச்செடி வளர்க்கிறான். ஓட்வார் தன் கையால் தார் பூசி, ஒவ்வொரு பலகையையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக வளர்த்த படகு அது. அதில் பெட்டூனியாச் செடி நிற்பதை நினைத்தாலே அவருக்குத் தூக்கம் வராது.

அவ்வளவு பாசம் இருப்பவர் நடந்திருக்க வேண்டுமா இல்லையா? அதுதான் இல்லை. ஞாயிறுதோறும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்புவார். தெருமுனை திரும்பியதும் கால்கள் தாமாகக் கடற்கரைக்குப் போகும். படகில் ஏறி, நாலு கானாங்கெளுத்தி பிடித்து, வரும் வழியில் பக்கத்து வீட்டு கெய்ரிடம் கொடுத்துவிடுவார். பதிலுக்கு கெய்ர் அருவிக்குப் போய் அவர் பெயரை எழுதிவிட வேண்டும். கெய்ர் எப்படியும் நடக்கிறவன்.

இதில் ஒரே ஒரு நெருடல் இருந்தது. திங்கட்கிழமைதோறும் ஓட்வார் வீட்டில் கானாங்கெளுத்தி வறுவல். "கெய்ர் குடுத்தான்" என்பாள் இங்குன். தன் மீனையே தான் தின்ன வேண்டியிருக்கிறதே என்று பொருமுவாரே தவிர, வாய் திறந்து கேட்க முடியுமா? "இந்த வாரமும் மீனா?" என்று முனகுவதோடு சரி.

இப்போது அந்தப் பெயர்களைப் பார்க்க இங்குன் வருகிறாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத்தாள் திருத்தியவள். எந்த எழுத்து யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

"எட்டு மணி பஸ்ஸில போலாம். நான் வாஃபிள் சுட்டு எடுத்துக்கறேன்," என்றாள்.

"நீ மெதுவா வா. நான் இப்பவே கிளம்பறேன். கடைசி வாரம், உடம்பு துடிக்குது."

அவள் அடுப்படிக்குப் போன சமயம், மேஜை இழுப்பறையிலிருந்து அவளுடைய அழி ரப்பரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டிகளில் பென்சில்தான் கயிற்றில் கட்டித் தொங்கும். அழிக்கலாம், திருத்தி எழுதலாம். அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும்.

வேலிப்பக்கம் கெய்ர் நின்றிருந்தான்.

"டேய், உன் எழுத்து எந்தப் பக்கம் சாயும்?"

"எதுக்கு?"

"இங்குன் நோட்டைப் பாக்க வர்றாடா. என் பேரை எப்படி எழுதின? என்னை மாதிரி எழுதினியா, உன்னை மாதிரியா?"

கெய்ர் காதைச் சொறிந்தான். வேலியைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "நல்லாத்தான் எழுதியிருக்கும்," என்றான்.

"எழுதியிருக்குமா? நீதானே எழுதின?"

"ஓடு ஓட்வார், நேரமாகுது."

அதுவும் உண்மைதான். ஓட்வார் ஓடினார்.

முதல் அருவிக்கு வரும்போதே மூச்சு வாங்கியது. பெட்டியைத் திறந்து, தேதி பார்த்துப் பக்கத்தைப் பிடித்தார். அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு வரி வேறு. "அருமையான நடை. மனைவி சொன்னது சரி."

"இதெல்லாம் எழுதச் சொன்னேனா இவனை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெயரையும் வரியையும் அழித்தார். தன் கையால் பெயரைக் கிறுக்கினார். ஒன்று முடிந்தது. மணி எட்டு.

இரண்டாவது அருவியில், "வெண்ணெயைக் குறைக்க வேண்டும் என்பதிலும் மனைவி சொன்னதே சரி." அதற்குக் கீழே யாரோ முன்பின் தெரியாத ஒருவர், "நல்ல மனிதர். வாழ்க" என்று எழுதியிருந்தார். ஓட்வார் தன் வரியை அழித்தார். வாழ்த்தை அழிக்க மனம் வரவில்லை.

ஃபோன் அடித்தது. "ஓட்வார், முதல் அருவிக்கு வந்துட்டேன். நீ எங்க இருக்க?" பின்னணியில் தண்ணீர் கொட்டும் சத்தம் பலமாகக் கேட்டது.

"அதுக்குள்ளயா? பஸ்ஸு எட்டு மணிக்குத்தானே?"

"கமிட்டி வண்டி வந்துச்சு, ஏறிட்டேன். நோட்டை எடுத்துட்டு மேல வரேன்."

அதற்குப் பிறகு ஓட்வார் நடக்கவில்லை. வழுக்குப் பாறையில் நாலு காலில் ஏறினார், ஈரப்பலகையில் சறுக்கினார், பனிமூட்டத்தில் ஒரு ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது பெட்டியில், "கிறிஸ்துமஸுக்கு மாமியாரை ஒரு மாதம் வந்து தங்கச் சொல்லப் போகிறேன்" என்று இருந்தது. அதை அழித்த வேகத்தில் தாளே கிழிந்திருக்கும். நான்காவதில் குளியலறைக்குத் தானே வண்ணம் அடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாவதுக்குச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டும். இதயம் காதுக்குள் அடித்தது. டாக்டர் சொன்ன தூக்கிக்கொண்டு வருகிற காட்சி கண்முன் வந்து போனது. உண்மையிலேயே பயந்துவிட்டார். ஆனால் பெட்டூனியா அதைவிடப் பயங்கரமாக இருந்ததால் ஏறினார்.

ஐந்தாவது நோட்டில் இப்படி இருந்தது. "படகு இல்லாமலும் ஒரு மனிதன் வாழ முடியும்."

"கெய்ர், நீ நாசமாப் போக," என்றார் ஓட்வார் அருவியைப் பார்த்து.

ஃபோன். "நாலாவதுல இருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? வழக்கமா வர்ற பாதைதானே?"

"இல்ல... காத்து... எதிர்க்காத்து."

ஆறாவதில் எழுதியிருந்தது, "இனிமேல், இந்த வாரமும் மீனா என்று கேட்க மாட்டேன்."

ரப்பரை வைத்துத் தேய்த்தவர் ஒரு நொடி நின்றார். அது சாப்பாட்டு மேஜையில் முனகுவது. கெய்ருக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்று மண்டைக்குள் கதவைத் தட்டியது. திறப்பதற்குள் ஃபோன் மறுபடியும் அடித்தது.

"ஓட்வார், அஞ்சாவது முடிஞ்சுது. உன் முதுகு தெரியுது எனக்கு. நில்லு, சேர்ந்தே போலாம்."

நிற்பதாவது. ஆறாவதை அழித்து, எழுதி, மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பறந்தார்.

ஏழாவது அருவி எல்லாவற்றிலும் பெரியது. இருபதடி தள்ளி நின்றாலும் சாரல் முகத்தில் அறையும். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து உலகமே வெள்ளையாகப் போனது. துடைக்க நேரமில்லை. தடவித் தடவிப் பெட்டியைத் திறந்தார். நோட்டு இல்லை, அட்டையில் செருகிய ஒரு தாள் இருந்தது. பக்கங்கள் தீர்ந்துவிட்டன போலும். கயிற்றில் தொங்கியதைப் பிடித்துப் பெயரை எழுதினார், அழுத்திக் கையெழுத்துப் போட்டார். இதுவாவது அழிக்காமல் எழுதிய பெயர், சொந்தக் காலில் வந்து எழுதிய பெயர். படகு பிழைத்தது. ஓட்வாருக்குக் கண்ணில் நீர் வந்தது, சாரலோடு கலந்துவிட்டது.

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் படிச்சிருக்கலாமே," என்றது ஒரு குரல்.

பாறைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு, இங்குன் உட்கார்ந்திருந்தாள். மடியில் வாஃபிள், கையில் காப்பி. சற்றுத் தள்ளி, மலையின் மறுபக்கத்திலிருந்து வரும் வனப்பாதையில் கமிட்டி வண்டி நின்றது. ஓட்வார் திருதிருவென்று விழித்தார்.

"நீ... கீழதானே இருந்த? அருவிச் சத்தம் கேட்டுச்சே."

"இங்கேயும் அருவி இருக்கு. எட்டு மணியிலேர்ந்து இங்கதான் இருக்கேன்."

"அப்போ என் முதுகு தெரியுதுன்னியே?"

"முப்பத்தோரு வருஷமாத் தெரியும். உக்காரு. எத்தனை அழிச்ச?"

"கெய்ர் சொல்லிட்டானா?"

"கெய்ருக்கு ஆகஸ்டுலயே மூட்டு வலி. முதல் வாரமே நாலு மீனைத் தூக்கிட்டு வந்து நின்னான். அக்கா, என்னால ஏற முடியல, ஓட்வார்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன், நீங்க போய் அவன் பேரை எழுதிருங்க, மீனை நீங்களே வெச்சுக்கங்கன்னான். பாவமா இருந்துச்சு. நீ கடல் பக்கம் திரும்பினதும் நான் மலைப் பக்கம் கிளம்புவேன். ஆறு வாரத்துல எனக்கு நாலு கிலோ குறைஞ்சிருக்கு."

"அந்த வரியெல்லாம்?"

"உன் பேர்ல எழுதறதுக்கு நல்ல வார்த்தையா நாலு யோசிக்க வேணாமா?"

ஓட்வார் நனைந்த புல்லில் அப்படியே உட்கார்ந்தார். கோபப்பட நினைத்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "அப்போ... படகு?"

இங்குன் ஒரு வாஃபிளை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஏழுக்கும் உன் கால்ல வந்த. ஏழுலயும் உன் கையால எழுதின. பேச்சுன்னா பேச்சுதான். படகு உனக்குத்தான்."

அவருக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் அவள் பெட்டியிலிருந்த தாளை எடுத்து, உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அடுத்த வருடப் படி கட்டும் சிரமதானம். மே முதல் செப்டம்பர் வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஏழு அருவிகளுக்கும் சரளைக்கல் மூட்டை சுமக்கச் சம்மதிப்பவர், ஓட்வார் ஹோக்ஸ்டா. கையெழுத்து. நல்லா அழுத்திப் போட்டிருக்க."

ஓட்வாரின் கை சட்டைப்பையில் இருந்த ரப்பருக்குப் போனது.

"அது பேனா," என்றாள் இங்குன். "என் ரப்பரைக் குடு."

கொடுத்தார். அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பெயர் எழுதிவிட்டு வராத மனிதனின் கடைத்தெரு வாழ்க்கையை ஒரு முறை யோசித்துப் பார்த்தார். வழியே இல்லை.

"அப்போ சீசன் பூரா என் படகு கரையில சும்மா கிடந்து இத்துப்போகணுமா?"

"ஏன் இத்துப்போகணும்? மூட்டு வலிக்காரனுக்குப் படகுல உக்கார முடியும்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கெய்ர் எடுத்துட்டுப் போவான்னு பேசி முடிச்சாச்சு. எனக்கு வாரம் நாலு கானாங்கெளுத்தி பழகிப்போச்சு."