இயக்குநர் இத்ரீஸுக்கு நான் ஆற்றிய வரவேற்புரை

மைக் கையில் இல்லாத வரைக்கும் நான் நல்ல மனிதன். இதை என் மனைவி கல்யாணமான முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு விளங்க ஐம்பத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது. அதற்குள் ஓர் அப்பாவி மனிதரின் மாலைப்பொழுதை முழுசாகத் தின்று ஏப்பம் விட்டிருந்தேன்.

சிட்னியில், செவன் ஹில்ஸ் பகுதியின் ஒரு கிடங்கில் எனக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை. எனக்கு எதிரே நின்று ஒட்டுகிறவர் இத்ரீஸ். நைஜீரியாவின் கானோ நகரத்துக்காரர், மனைவியின் தாதிப் படிப்புக்காக மகளோடு சிட்னிக்கு வந்தவர். இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் மழையையும் வெயிலையும் பற்றித்தான் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் போனில் ஒரு பழைய தமிழ்ப் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எட்டிப் பார்த்து, "இந்த இடத்தில் கமெராவை அசைத்திருக்கக் கூடாது" என்றார். (பெட்டி ஒட்டுகிற மனுசனுக்கு ஏன் கமெராக் கதை என்று நினைத்தேன். நானும் பெட்டி ஒட்டுகிறவன்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.)

அவர் ஹவுஸா மொழியில் இருபத்தாறு படங்களை இயக்கியவர். கல்யாண வீடியோ எடுத்துத் தொடங்கியவர், பிறகு பத்தே நாளில் ஒரு படத்தை முடிப்பாராம். கமெரா இரவல், வீடு மாமனாருடையது, கூட்டமாக நிற்பவர்கள் எல்லோரும் சொந்தக்காரர். எங்கள் படங்களைப் போலவே அவற்றிலும் பாட்டும் ஆட்டமும் உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடிய ஒரு பாட்டுக்காக அவருடைய படம் ஒன்றைத் தடை செய்தார்கள். அடுத்த படத்துக்குக் காசு போட ஒருவரும் முன்வரவில்லை. சிட்னிக்கு வந்தபின் அவர் கமெராவைத் தொடவே இல்லை. இதையெல்லாம் டேப்பைக் கிழித்துக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

"என் மகள் சைனப்புக்கு நான் பெட்டி ஒட்டுகிறவன், அவ்வளவுதான்" என்றார். "போனில் என் சிரிப்புப் படம் ஒன்றைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறாள். தனியாகப் பார்க்கிற படமில்லை அது. பக்கத்தில் ஆட்கள் சிரிக்க வேண்டும்."

அந்தப் படத்தின் ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு காட்சி. கஞ்சப் பணக்கார மாமனார் கோழிக் கூட்டுக்குள் ஒளிந்திருப்பார். மருமகன் அது தெரியாமல் கூட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்தையில் விலை பேசுவான். கானோவில் அந்த இடத்தில் சனம் கதிரைமேல் ஏறி நின்று சிரித்ததாம். அந்தச் சிரிப்பை மகள் ஒருதரமாவது கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவளோ அடுத்த வாரம் மெல்பேர்னுக்குப் படிக்கப் போகிறாள்.

நான் பிளாக்டவுனில் ஒரு சின்னத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். "கவலையை விடுங்கள், மண்டபம் என் பொறுப்பு" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி முதல் எட்டு மணி வரை மண்டபத்தையும் எடுத்தேன்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சும்மா படம் போடத் தெரியாது. கலைஞர் ஒருவர் வந்தால் கௌரவிக்க வேண்டாமா? மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், தலைவர் உரை, புரவலர் உரை, என் வரவேற்புரை, பொன்னாடை. ஒன்பதாவதாகத் திரைப்படம். ஒன்றை வெட்டினால் ஒரு குடும்பம் கோபித்துக்கொள்ளும்.

என் மனைவி நிகழ்ச்சி நிரல் தாளைப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, படத்தை முதல்ல போட்டால் என்ன?" என்றாள்.

"படம் முடிஞ்சால் பேச்சுக் கேக்க ஆர் இருக்கப் போயினம்?" என்றேன். அந்தப் பதிலில் இருந்த உண்மை அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

நாலு மணிக்கு என்ற கூட்டம் ஐந்துக்குத் தொடங்கியது. தலைவர் தன் பங்குக்கு ஆபிரிக்கக் கண்டத்தைச் சுற்றிக் காட்டினார். புரவலர் தன் வியாபாரத்தைச் சுற்றிக் காட்டினார். பிறகு மைக் என் கைக்கு வந்தது. வீட்டில் நான் எழுதி வைத்தது ஐந்து நிமிடப் பேச்சு, சத்தியமாக. ஆனால் கைதட்டு விழுந்ததும் இத்ரீஸின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து தொடங்கிவிட்டேன். அதுவும் செந்தமிழில். தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சொல்லும் விளங்காமல் அந்த மனிதர் முன்வரிசையில் இருந்தார். தன் பெயர் வருகிற இடத்தில் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினார். இடையில் தன் கைக்கடிகாரத்தை எனக்கு உயர்த்திக் காட்டினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அவருடைய பதினோராவது படத்துக்குப் போனேன். நான் பேசியது முப்பத்துநாலு நிமிடம். வீடியோ இருக்கிறது, மறுக்க வழியில்லை.

கீழே ஆங்கில வசன எழுத்துகளோடு படம் தொடங்கும்போது ஏழு இருபத்தைந்து. பாதிச் சனம் பின்னால் ரோல்ஸும் தேநீரும் வாங்குகிற வரிசையில் நின்றது. ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரைகள் நிரம்பின. அந்த மாமனாரின் கஞ்சத்தனத்துக்கு முதல் சிரிப்புகள் எழும்பின. சைனப் போனைக் கைப்பைக்குள் வைத்ததை நான் என் கண்ணால் கண்டேன். நேரத்தைப் பார்த்தேன், எட்டுக்குப் பத்து நிமிடம். இருட்டில் குனிந்து போய் இத்ரீஸிடம், "அந்தக் காட்சிக்கு ஓட்டிவிடுவோமா?" என்று கேட்டேன்.

"முன்னால் இருக்கிற ஐம்பது நிமிடமும் இல்லாவிட்டால் அது சிரிப்பில்லை" என்றார். "ஒரு கிழவன் கோழிக் கூட்டுக்குள் இருக்கிறான். அவ்வளவுதான்."

எட்டு மணிக்கு மண்டபப் பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்மணி எல்லா விளக்கையும் போட்டார். பதினைந்து நிமிடம் மட்டும் தரச் சொல்லிக் கெஞ்சினேன். "உங்களிடம் நாலு மணித்தியாலம் இருந்ததே" என்றார். பாவம், அவர் கணக்கில் பிழையில்லை. நான் பாதிப் பேச்சோடு இறங்கியிருந்தால் கோழிக் கூடு சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கார் நிறுத்துமிடத்தில் இத்ரீஸ் பொன்னாடையை நாலாக மடித்துக்கொண்டு நின்றார். சைனப் அவரிடம் கேட்டாள்: "அந்த அங்கிள் உங்களைப் பற்றி என்ன சொன்னார், அப்பா?"

"தெரியாது. ஆனால் நிறையச் சொன்னார்."

அவள் மெல்பேர்னுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இன்னொரு முறை மண்டபம் எடுக்கிறேன் என்று நான் கேட்கும்போதெல்லாம், "அவள் வரும்போது பார்ப்போம்" என்கிறார் இத்ரீஸ். விடுமுறைக்கு அவள் வந்து போயிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவரும். என் வீட்டில் நான் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமினால் போதும், மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "கெதியாச் சொல்லி முடியுங்கோ, எட்டு மணியாகுது" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவேன்.

போன மாதம் இத்ரீஸ் பெட்டி ஒட்டிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். சைனப் மெல்பேர்னில் தன் சிநேகிதிகளுக்கு அந்த மாலையைக் கதையாகச் சொல்கிறாளாம். நான் மைக்கைப் பிடிக்கிற விதம், கையை ஆட்டுகிற விதம், எல்லாம் நடித்துக் காட்டுவாளாம். அறையே அதிரச் சிரிக்கிறார்களாம்.

"நன்றாகச் சொல்கிறாள்" என்றார். அந்த முகத்தில் இருந்தது பெருமைதான். "எங்கே வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது."

"உங்கள் படம்? அதைப் பற்றி என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த பெட்டியை இழுத்து டேப்பை ஒட்டினார்.

"படம் அந்தக் கதையில் வராது."