கூட்டமில்லாத பிரிவு

தையற்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கடைச் சுவரிலிருந்து மைத்துனரை இறக்கியே தீருவது.

மைத்துனர் என்றால் ஆள் அல்ல, படம். மனைவியின் அண்ணன் எப்போதோ ஆணழகன் போட்டியில் கோப்பை வாங்கியபோது எடுத்தது. தையல் மெஷினுக்கு நேர் எதிரே, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, மார்பை விரித்துக்கொண்டு நின்றார். அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், பிறகு தையற்காரரைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்காகத் தரையைப் பார்ப்பார்கள். தையற்காரருக்கு மார்பளவு முப்பத்திரண்டு. அதுவும் மூச்சை இழுத்துப் பிடித்தால்.

அந்த ஆணியில் இனி தன் படம்தான் என்று மனைவியிடம் அறிவித்தார்.

"நல்லதுங்க. ஆணிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்" என்றாள் அவள்.

அவர் அசரவில்லை. அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஊரில் வருஷா வருஷம் நடக்கும் போட்டியில், நாற்பது வயதுக்கு மேல், ஐம்பத்தைந்து கிலோவுக்குள் என்று ஒரு பிரிவு. பல வருஷமாக அதில் ஈ, காக்கை நின்றதில்லை. ஒற்றை ஆளாகப் போய் நின்றால் ஒற்றை ஆளாக ஜெயித்துவிட்டு வரலாம். அவருக்கு வயது நாற்பத்தொன்று. எடை, சட்டைப் பையில் கத்தரிக்கோலோடு நின்றால் ஐம்பத்திரண்டு. தசை தேவையே இல்லை, தைரியம் போதும்.

இதை மனைவியிடம் சொல்வாரா? அவளிடம் சொன்னது வேறு. மூன்று மாதம் கடும் பயிற்சி என்றார். தசை என்பது உழைக்கும்போது வளராது, ஓய்வில்தான் வளரும், ஆகவே இனி ஒரு துரும்பைக்கூடத் தூக்கக்கூடாது என்றார். அன்றிலிருந்து கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை, கைக்குழந்தை, அதற்கு மூத்தது எல்லாம் அவள் கைக்குப் போயின. பெருக்கும்போது அந்த இரும்புத் தையல் மெஷினைக்கூட அவளே ஓரமாகத் தூக்கி வைத்தாள், அவர் மேலே உட்காராத நேரமாகப் பார்த்து.

அவர் சாய்வு நாற்காலியில் ஆணழகன் போட்டிகளின் வரலாறு படித்தார். மனைவி சிலிண்டரை உருட்டாமல் தூக்கிக்கொண்டு குறுக்கே போகும்போதெல்லாம் ஒரு பக்கம் சத்தமாக வாசித்தார். நூறு வருஷத்துக்கும் முன்னால் நடந்த முதல் பெரிய போட்டியில், நடுவர்களில் ஒருவர் சிலை வடிப்பவராம், இன்னொருவர் துப்பறியும் கதை எழுதுபவராம்.

"கதை எழுதறவருக்கு அங்க என்ன வேலை?"

"ஒளிஞ்சிருக்கிற தசையைக் கண்டுபிடிப்பார் போல."

"அப்ப உங்களுக்கு அவர்தான் சரி."

பின்னால் வந்த சாம்பியன் ஒருவர் எட்டு வருஷம் தொடர்ந்து பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் வாசித்தார். அவர் வீட்டில் சிலிண்டர் மாற்றியது யார் என்று அதில் போட்டிருக்கிறதா என்று கேட்டாள் மனைவி. போட்டிருக்கவில்லை.

மாலையில் அரை மணி நேரம் மேடை நிலைகளைப் பழகினார். இரண்டு கையையும் மடக்கிப் புஜம் காட்டும் நிலையில் அசையாமல் நிற்க வேண்டும். நின்றார். மனைவி ஈரத் துணிகளை அவர் மேல் காயப் போட்டாள். பயிற்சி கெடக்கூடாதே என்று, காயும்வரை நின்றார்.

போட்டி விண்ணப்பத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு அவளிடமே நீட்டினார். எழுதுவது அவருக்கு ஆகாது.

"எந்தப் பிரிவுன்னு போடட்டும்?"

"கூட்டமே இல்லாத பிரிவா பாத்துப் போடு. நோட்டீஸ்ல இருக்கும்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். தசை வளர்ந்துகொண்டிருந்த நேரம்.

அதே வாரம் அவள் ஓர் அளவுச் சீட்டும் கொடுத்தாள். விளையாட்டு டீச்சர் ஒருத்திக்கு உடம்போடு ஒட்டிய உடை வேண்டுமாம். சீட்டைப் பார்த்துத் தையற்காரர் நாக்கைச் சப்புக் கொட்டினார். கைச்சுற்று பதின்மூன்றரை. மனைவிக்கு அவர் டேப் வைத்து வருஷங்கள் ஆயிற்று, பழைய சட்டையைத்தான் அளவுக்குக் கொடுப்பாள்.

"என்னா கை. இந்தம்மா வீட்டுக்காரர் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

"அந்த மனுஷனுக்கு இன்னும் விஷயம் தெரியாதுங்க" என்றாள் மனைவி.

போட்டி நாளும் வந்தது. மேடை வெளிச்சத்தில் வெளிறித் தெரியாமல் இருக்கப் பூசும் பழுப்புச் சாயத்தைத் தையற்காரர் முகம் முதல் பாதம்வரை இரண்டு கோட்டு அடித்துக்கொண்டு நின்றார். ஒலிபெருக்கி அவர் எண்ணைக் கூப்பிட்டது. ஆண் பெண் இணைப் பிரிவு.

எண் மாறிவிட்டது என்று அமைப்பாளரிடம் ஓடினார். அமைப்பாளர் விண்ணப்பத்தைக் காட்டினார். கையெழுத்து அவருடையதுதான். மேடையின் மறுபக்கமிருந்து அவர் தைத்த உடை வந்தது. முதலில் இடது தோளில் தான் பிரித்துத் தைத்த தையலை அடையாளம் கண்டார். அப்புறம்தான் மனைவியை.

"நீ எங்க இங்க?"

"சிரிச்ச மாதிரி நில்லுங்க, நடுவர் பாக்கறார். உங்க வயசுப் பிரிவுல இந்த வருஷம் தபால்காரர் பேர் கொடுத்திருக்கார். தினம் முப்பது மைல் சைக்கிள் மிதிக்கிற மனுஷன். கூட்டமே இல்லாதது இது ஒண்ணுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன். குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க."

அவள் புஜத்தை மடக்கினாள். அரங்கம் மூச்சு விட மறந்தது. அவரும் மடக்கினார். அரங்கம் மறுபடி மூச்சு விட்டது. கடைசி நிலையில் ஒருவர் மற்றவரைத் தூக்க வேண்டுமாம், வரலாற்றில் அந்தப் பக்கத்துக்கு அவர் இன்னும் வந்திருக்கவில்லை. தையற்காரர் குனிந்து மனைவியைப் பிடித்தார். இடுப்பில் ஏதோ ஒன்று சொடுக்கியது, மனைவி இருந்த இடத்திலேயே இருந்தாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவரை ஒரு கையால் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள், மறு கையால் புஜம் காட்டினாள். போட்டோக்காரரின் விளக்கு மின்னியது.

முதல் பரிசு. இரண்டாம் பரிசுக்கு ஆள் இல்லை.

படம் மாற்றுவதற்கு அன்று "நல்லதுங்க" என்ற மனைவி சொல் மாறாதவள். அண்ணனைத் தன் கையாலேயே இறக்கினாள், அதே ஆணியில் புதுப் படத்தை மாட்டினாள். தையற்காரர் மெஷினில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் வந்தவர் கால்சட்டை இடுப்பைப் பிரித்துவிடக் கொண்டுவந்த ஒரு பெரியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. இடுப்புல இருக்கிற பிள்ளைக்கு என்ன வயசு?"

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"நாப்பத்தொண்ணு."